காற்றுப் புகாத வேலை

ஏணியை விரிக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குளிப்பாட்டும்போது குழந்தைக்குக் குளிர்காற்று அடிக்கிறது, மாதத்தில் இரண்டு தடவை சளி பிடித்து வீடே அல்லாடுகிறது, குளியலறை வென்டிலேட்டருக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள் அந்த வீட்டுக்காரி. அளவையும் அவளே சொல்லிவிட்டதால் கண்ணாடிக்காரர் கடையிலேயே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் படியில் ஏறி நிமிர்ந்தபோதுதான் சுவரில் இருந்த கேஸ் கீசரைப் பார்த்தார். புகை வெளியே போக ஒரு குழாய்கூட இல்லை. இறங்கி ஏணியை மடித்துவிட்டார்.

முடியாது என்றார். முதலில் கீசரை வெளியே மாட்டுங்கள், அந்தப் புகைக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தலை வலிக்கும், கிறுகிறுக்கும், அப்புறம் கூப்பிடக்கூட வாய் வராது என்றார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அரைநாள் லீவு போட்டுவிட்டு நிற்கிறவளிடம் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் வராது? ஊரில் வேறு ஆளா இல்லை, நாளைக்கே போட்டுக்கொள்கிறேன் என்றாள். தோளில் கிடந்த பிள்ளை அவர் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தது.

நான்கு வருடமாக யாரிடமும் அவர் வாய்திறந்து சொன்னதில்லை.

"கூப்பிட்டா வந்துடுவாங்கம்மா. என் தங்கச்சி கூப்பிட்டப்ப நானும்தான் போனேன்."

அங்கேயும் குளியலறைக்குள்ளேதான் கேஸ் கீசர், அங்கேயும் வென்டிலேட்டருக்குத்தான் கண்ணாடி; தங்கை வீட்டு வேலையாயிற்றே என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். ஓரமெல்லாம் இரண்டு தடவை சிலிக்கான் பூசி, தீக்குச்சி கொளுத்திக் காட்டி, சுடர் அசைகிறதா பார் என்று அவளிடம் பெருமையடித்துக்கொண்டார். ஒரு பொட்டுக் காற்றுகூட வரவில்லை அண்ணா என்று மறுநாள் அவள் போன் செய்தாள். மூன்றாம் நாள் காலை, குளிக்கப் போனவள் வரவில்லையென்று கதவை உடைத்தார்கள். வாளி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாவி, தன் கையாலேயே செய்துவிட்டோமே என்று அன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டவர், இப்போது சொல்லும்போது குரலைக்கூட உயர்த்தவில்லை.

வீட்டுக்காரி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்க மச்சான் அப்புறம் உங்ககிட்ட பேசினாரா அண்ணா?"

"பேசினார். அந்தக் கண்ணாடியைக் கழட்ட என்னைத்தான் கூப்பிட்டார். கழட்ட வரலம்மா, அவ்வளவு நல்லா ஒட்டியிருந்தேன். உடைச்சுத்தான் எடுத்தேன்."

அவள் போய்க் கீசரின் கேஸை மூடிவிட்டு வந்தாள். அவர் வெட்டி வந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றித் தூக்கியபோது, பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு சின்னக் கண்ணாடி. வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இருவரும் இறங்கினார்கள்.