முதல் கியரில் வரும் நடுக்கம்

அன்று பின்னேரம் முற்றத்தில் நின்றவர்கள்: காரை வாங்கிய என் அத்தான் மயூரதன், அதை விற்ற இஸ்ஸதீன் நானா, நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அச்சுவேலியிலிருந்து வந்த மெக்கானிக் கிறிஸ்துநாயகம், கதவு நிலையில் சாய்ந்தபடி என் அக்கா றஜிதா, பிறகு நான். நிற்காதவர் பக்கத்துத் தோட்டத்து முருகேசு அண்ணை. ஒரு கலியாணத்துக்கு வவுனியா போயிருந்தார். அவர் நின்றிருந்தால் விசயம் உடனே முடிந்திருக்கும்.

அத்தான் ஓட்ட, பக்கத்து இருக்கையில் இருந்து, கார் புறப்படும்போது நடுங்குகிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். அத்தானுக்கு அதில் ஒரு பெருமை.

"ராத்திரி வேலையை விட்டிட்டு வந்து படுத்துக் கிடக்கிறான் எண்டு இவனைப் பேசினனான். ஆனா வாகனம் எண்டா இவனுக்கு விளங்கும்."

ஐஸ் தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு அவர் வீட்டுப் பக்க அறையில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க இந்தக் காரை என்னிடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை காரில் கை வைக்கக்கூடாது.

வைத்தேன். அத்தான் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கவும் அக்கா சந்தைக்கும் போயிருந்த ஒரு காலையில், முருகேசு அண்ணையின் தண்ணீர்ப் பம்பு கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. வெங்காயம் வாடுகிறது என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டார். ஒழுங்கைப் பாதையால் காரைத் தோட்டத்துக்குள் விட்டேன். கிணற்றுக் கப்பியில் புது நீலக் கயிற்றைப் போட்டு, மறு நுனியைக் காரின் பின் கொளுக்கியில் கட்டினோம். முதல் கியரில், கிளச்சைப் பாதி விட்டபடி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். கருகல் மணம் வந்தது. நிறுத்தவில்லை. பம்பு மேலே வந்தது. கிளச் கெட்டது.

கிறிஸ்துநாயகம் காரை றோட்டில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார். பிறகு அத்தானை உள்ளே இருத்தி, ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு மெல்ல மெல்லக் கிளச்சை விடச் சொன்னார். திறந்த பொனட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கார் முழுவதும் உதறியது.

"தேசிக்காய் வைச்சு ஏத்தினனீங்களோ மாஸ்ரர்?"

"நாலு ரயருக்கும் வைச்சது."

"அப்ப அதிலை பிழையில்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கையைத் துடைத்தார்.

"ஓட்டத்திலை நடுக்கமில்லை. அப்ப சில்லைச் சுத்துற தண்டு நல்லம். எஞ்சின் இருக்கிற றப்பரும் பிடிச்சுத்தான் நிக்குது. நிண்ட இடத்தாலை எடுக்கேக்கை மட்டும்தான் உதறுது. கிளச் பிளேட் கருகியிருக்கு. ஆரோ பாரமான சாமான் ஒண்டைப் பாதிக் கிளச்சிலை இழுத்திருக்கினம்."

"எப்ப?" என்றார் இஸ்ஸதீன் நானா.

"அதைப் பிளேட் சொல்லாது. கழட்டினாலும் சொல்லாது."

இஸ்ஸதீன் நானா தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் இங்கிருந்து வெளியேற்றியபோது, சின்ன வயதில் குடும்பத்தோடு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்தவர். திரும்பி வந்து நகரத்தில் பழைய கார் விற்கிறார். பெயர்ப் பலகைகூட இல்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். அத்தானின் பள்ளிக்கூடத்திலேயே சில ஆசிரியர்கள் அவரிடம் வாங்க இருந்தார்கள்.

"நீங்கள்தானே நல்லூர் வரைக்கும் ஓடிப் பாத்து எடுத்தனீங்கள் மாஸ்ரர். அண்டைக்கு உதறினதோ?"

"உதறாமல் என்ன செய்து தந்தியளோ. உங்கடை ஆக்களுக்கு யாவாரம் படிப்பிக்க வேணுமோ?"

அக்கா, "இஞ்சருங்கோ," என்று மெதுவாக அதட்டினாள். அத்தான் கேட்கவில்லை.

"அப்ப ஒண்டு செய்வம். உங்கடை பள்ளிவாசலுக்கே வாறன். இந்தக் காராலை ஒண்டும் இழுக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணுங்கோ. நான் பேசாமல் விடுறன்."

"காருக்கெல்லாம் அல்லாவை இழுக்கமாட்டன் மாஸ்ரர்."

"பாத்தியளே," என்றார் அத்தான் கிறிஸ்துநாயகத்திடம்.

சத்தியம் பண்ண மறுத்தால் கள்ளன். எங்கள் பக்கத்தில் இதற்குமேல் விசாரணை இல்லை. என்னைக் கேட்டிருந்தால் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்து உடனே சத்தியம் பண்ணியிருப்பேன்.

நான் காரின் பின்பக்கம் போய் நின்றேன். கொளுக்கியில் நீலக் கயிற்றுத் தும்பு சிக்கியிருந்தது. செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அதைப் பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ரா இப்பிடி வேர்க்குது உனக்கு?"

"வெக்கை அக்கா."

கிறிஸ்துநாயகம் வேறு வேலை இருக்கிறது என்று மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இஸ்ஸதீன் நானா காரின் கதவில் கையை வைத்தார்.

"சரி, காரை நான் கொண்டுபோறன். காசை நாளைக்கே தாறன். பள்ளிக்கூடத்திலை மட்டும் கதைக்காதேங்கோ."

"கேக்கிற ஆக்களுக்குச் சொல்லத்தானே வேணும்."

பத்திரங்களை எடுக்க எல்லோரும் வீட்டுக்குள் வந்தோம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. பத்திரங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வழியனுப்பப் போனவன் நான். படியில் நின்று செருப்பைப் போட்டபடி கேட்டார்.

"தம்பி, பகலிலை வீட்டிலை நிக்கிறது நீர்தானே. ஆரும் இந்தக் காரை எடுத்தவையோ?"

குரலில் சந்தேகம் இல்லை. தெரிந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டார். சொன்னால் பக்க அறையும் அத்தான் இனி வாங்கும் காரும் கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் அவர் கள்ளன்.

"இல்லை நானா."

"சரி தம்பி."

அவர் திரும்பி முற்றத்தில் இறங்கினார். "நுளம்பு வருது, சாத்தடா கதவை," என்றார் அத்தான் உள்ளேயிருந்து. நானாவுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டில் திறப்பைத் திருப்பினேன்.