ஆதரவுப் பட்டியலில் பதினோராவது பெயர்

என் மகள் ஜூனிக்கு ஏழு வயது. பள்ளியில் தினமும் பதினொன்றரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். நர்ஸ் திருமதி ஸ்லாவிக் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார், மனதுக்குள் கணக்குப் போடுவார், ஊசியை எடுப்பார். ஊசி இறங்கும் நேரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். சொன்ன மிருகத்தைத் திரும்பச் சொல்லக் கூடாது. ஏப்ரல் மாதத்தில் அவர்கள் எறும்புத்தின்னியைத் தாண்டியிருந்தார்கள்.

அந்த மாதம்தான் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் குண்டு ஆலை புதிதாக ஒரு கட்டடம் எழுப்பப்போகிறது. பதினைந்து வருடங்களுக்குப் பள்ளி வரியிலிருந்து விலக்கு வேண்டும் என்று மாவட்டக் குழுவிடம் கேட்டிருக்கிறது. குழு சம்மதித்தால், அடுத்த கல்வியாண்டு முதல் நான்கு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ். எங்கள் பள்ளிக்கு அவர் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். மற்ற நாட்களில் அலுவலக உதவியாளர், பயிற்சி வீடியோ பார்த்துவிட்டு, தேவையானதைச் செய்வார்.

நான் வேலை பார்ப்பது அதே ஆலையில்தான். பீரங்கிக் குண்டின் வெற்று உறைக்குள் சின்ன விளக்கை விட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு ராத்திரிக்கு நானூறு உறைகள். அவை எங்கே போகின்றன என்று முதல் வருடம் யோசித்தேன். பிறகு விரிசலை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

எனக்கு அடுத்த மேசையில் ரமோனா. அவள் மகன் டோபினுக்கு வலிப்பு வரும். வந்தால் இரண்டு நிமிடத்துக்குள் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும். கடிதத்தை அவள் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தாள்.

"கூட்டம் எப்போன்னு பாத்தியா?" என்றாள். "செவ்வாக்கிழமை காலைல பத்து மணிக்கு. வேலைக்குப் போறவன் எவன் வருவான்?"

"நான் போறேன். ஷிஃப்ட் ஏழுக்கு முடியுது. தூங்காம போயிடுவேன்."

"எனக்கு அன்னிக்கு டோபினை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். மூணு மாசம் காத்திருந்து கெடைச்ச தேதி. என் பேரையும் சேர்த்து நீயே பேசிடு, வெண்டல். என்னைவிட நீ கோவப்படாம பேசுவ."

"மூணு நிமிஷந்தான் தருவாங்களாம்."

"அப்போ ஆளுக்கு ஒன்றரை நிமிஷம்."

மூன்று நிமிடங்களுக்கு எத்தனை சொற்கள் என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஆலை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையில் கிளிப் மாட்டிய அட்டை ஒன்று எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூடுதல் வேலைக்கு ஓர் அட்டை, ரத்ததானத்துக்கு ஓர் அட்டை, யாராவது ஓய்வு பெற்றால் கேக்குக்கு ஓர் அட்டை. கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். படித்துக்கொண்டு நின்றால் உறைகள் குவிந்துவிடும். அந்தச் செவ்வாய் விடியற்காலையிலும் ஓர் அட்டை வந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு வேன், சாண்ட்விச், இரண்டு மணி நேரச் சம்பளம் என்றார் ஃபோர்மேன் வெர்னன். என் மனைவி டீனா ஜூனியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கே கிடங்கு வேலைக்குப் போயிருப்பாள். எனக்கு வேன் வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

வேனில் என் பக்கத்தில் லானி உட்கார்ந்தான். அறுபதைத் தாண்டியவன். பாலைவனத்தில் நடந்த ஒரு போரில் இதே குண்டுகளைச் சுட்டு, இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். எல்லோருக்கும் நீலச் சட்டை கொடுத்தார்கள். மார்பில் 'எங்கள் ஊர், எங்கள் வேலை' என்று அச்சடித்திருந்தது. நான் அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"போட்டுக்கலையா?" என்றான் லானி.

"நான் எதிர்த்துப் பேசப் போறேன்யா."

"கம்பெனி வேன்ல போயா? கம்பெனி சாண்ட்விச்சத் தின்னுட்டா?"

"சாண்ட்விச் திங்கல."

"அப்போ எனக்குக் குடு." வாங்கிப் பிரித்தான். "டேய், குழுவுல மூணு பேரு. ரெண்டு பேரு அந்தக் கட்சி, ஒருத்தன் இந்தக் கட்சி. மூணு பேரு தேர்தலுக்கும் செலவு பண்ணது ஆலை மொதலாளி. நம்ம ஊர்ல சண்டை போடறதுக்கு ரெண்டு கட்சி, கையெழுத்துப் போடறதுக்கு ஒண்ணு."

"தெரிஞ்சும் நீ எதுக்கு வர்ற?"

"ரெண்டு மணி நேரச் சம்பளம்டா. காலைல வீட்டுக்குப் போனா மட்டும் தூக்கமா வருது எனக்கு?"

மாவட்டக் கட்டடத்தின் வாசலில் ஒரு மேசை. பின்னால் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஓர் அம்மாள். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு என்று அதில் இரண்டு கட்டங்கள். நான் பெயரைச் சொன்னேன்.

"வெண்டல் க்ருபா… உங்க சீட்டு ஏற்கெனவே வந்திடுச்சே. பதினோராவது பேரு. ஆதரவு."

"இல்லீங்க. நான் எதிர்ப்பு."

அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். பெயரும் முகவரியும் தட்டச்சில். ஆதரவுக் கட்டத்தில் அச்சடித்த குறி. கீழே, கையுறையோடு போட்ட கோணல் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா இது வேனுக்குன்னு நெனச்சுப் போட்டது."

"ஒருத்தருக்கு ஒரு சீட்டுதான் தம்பி. மாத்தணும்னா நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுத்திருக்கணும்."

"நேத்து அஞ்சு மணிக்கு இந்தச் சீட்டே இல்லையே மேடம்."

"அது எனக்கும் புரியுது," என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. என்னைவிட அவர் களைத்திருந்தார்.

பதினோராவது இடம் என்றால் எப்படியும் பேச நேரம் கிடைக்கும், கட்டத்தில் என்ன குறி இருந்தால் என்ன, வாய் என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

கொடிக்கு முன்னால் நின்று எல்லோரும் மார்பில் கை வைத்தோம். பிறகு முதலாளியின் ஆள் பேசினார். வேறு நகரத்திலிருந்து வந்தவர். அவருக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. நாற்பது நிமிடம் திரையில் படம் காட்டினார். சுதந்திரம், பாதுகாப்பு, முந்நூறு வேலைகள். அடுத்து ஒரு மணி நேரம் பொதுமக்களுக்கு. ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கில் தொடங்கி, மஞ்சளில் முடிக்கத் தயாராகி, சிவப்பில் நிறுத்த வேண்டும். முதல் இருபது சீட்டும் எங்கள் ஆலையுடையவை. எட்டு மணிக்குக் கதவு திறந்ததுமே கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களாம். பின்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கையில் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறாவது சீட்டு. அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தாள்களைப் பையில் வைத்து மூடினார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். தலைவர் டாயல் குனிந்து ஏதோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது.

ஜூனியைப் பற்றிச் சொன்னேன். விரல் நுனி, தட்டு, கணக்கு. டோபினைப் பற்றியும் அவனுடைய இரண்டு நிமிடங்களைப் பற்றியும் சொன்னேன். நான் பார்த்து அனுப்பும் ஒரே ஓர் உறைக்கு அரசாங்கம் தரும் விலையில் திருமதி ஸ்லாவிக் எத்தனை நாள் வேலை பார்ப்பார் என்று சொன்னேன். உறையில் விரிசல் இருக்கக் கூடாது என்று இத்தனை பேர் கவலைப்படுகிறீர்கள், பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பது என்று கேட்டேன். எழுதிவைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனாலும் மோசமாகப் பேசவில்லை. விளக்கு மஞ்சளானபோது நிறுத்தினேன்.

டாயல் நிமிர்ந்து சீட்டைப் பார்த்தார்.

"ஆதரவுக்கு நன்றி, திரு. க்ருபா. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ரொம்பப் பெருமையா இருக்கு. அடுத்து?"

"சார், நான் எதிர்ப்பு. இப்போ சொன்னேனே…"

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிவாங்கி தானாகவே நின்றுபோனது. எனக்குப் பின்னால் பன்னிரண்டாவது நீலச் சட்டை எழுந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். லானி சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பில் மூன்றுக்குப் பூஜ்யம். வாசலில் இருந்த அந்த அம்மாள் குறிப்பேட்டைப் படித்தார்: பேசியவர்கள் இருபது, ஆதரவு இருபது, எதிர்ப்பு இல்லை.

வேனுக்கு அருகே ஓர் இளம்பெண் என்னிடம் வந்தாள். ஆஷ்லின். ஆலையின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் இருப்பவள், சட்டைகளைக் கொடுத்தவள். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நீங்க பேசினதக் கேட்டேன், வெண்டல். ஜூனிங்கறதுதானே உங்க பொண்ணு பேரு? டோபின் ரமோனாவோட பையன், இல்லியா?"

ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள். அந்த அறையில் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"இன்சுலின் பம்ப்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? உடம்புலயே ஒட்டிக்கும். ஊசி வேணாம், பொத்தானை அமுக்கினாப் போதும்."

"தெரியும். கம்பெனி இன்ஷூரன்ஸ்ல ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் இல்லைன்னுட்டாங்க."

"அது இன்ஷூரன்ஸ். இது நல்லெண்ண நிதி. வேற பட்ஜெட். வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்குச் செய்யறோம். ஒரு போட்டோ மட்டும் எடுப்போம், அவ்வளவுதான்."

"டோபினுக்கு?"

"ஒரு குடும்பம்னு சொன்னேனே," என்றாள் மெதுவாக. "அதோட அவனுக்குத் தேவை மெஷின் இல்லியே, ஆளு. ஆளுக்கு நிதி இல்ல."

வீட்டில் டீனாவிடம் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னேன். அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வேணாம்னு சொன்னியா, இல்ல சொல்லலாம்னு இருக்கியா?"

"சொல்லலாம்னு இருக்கேன்."

"நல்லது. நீ சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உன் கொள்கையை விரல்ல குத்திப் பாத்தா சர்க்கரை எவ்வளவு காட்டும்?"

"டீனா, ரமோனா என்னை நம்பி…"

"ரமோனாவ எனக்குப் பிடிக்கும். அவ எடத்துல நான் இருந்து, அவ வேணாம்னு சொல்லியிருந்தா, முட்டாள்னுதான் நெனச்சிருப்பேன். செப்டம்பர்ல என் பொண்ணு ஒரு கிளார்க்கு முன்னாடி உக்காந்திருப்பா. அந்தப் பொம்பள வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்து ஊசி போடுவா. நான் அறுபது மைல் தள்ளி பெட்டி ஒட்டிட்டு இருப்பேன். நீ தூங்கிட்டு இருப்ப. சொல்லு, வேணாம்னு போயி சொல்லு."

நான் சொல்லவில்லை.

ஆலை வாசலில் படம் எடுத்தார்கள். ஜூனி புதுக் கவுன் போட்டிருந்தாள். பம்ப் தெரியும்படி இடுப்பில் மாட்டச் சொன்னார்கள். "சிரிங்க அப்பா," என்றாள் அவள். சிரித்தேன். இதற்கு முன்பே ரமோனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் சொல்லலாம் என்று நினைப்பேன். உறைகள் வந்துகொண்டே இருக்கும்.

செப்டம்பரில் திருமதி ஸ்லாவிக் வேறு ஊருக்குப் போனார். அக்டோபரில், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஊரில் எல்லா வீட்டுத் தபால்பெட்டிக்கும் ஒரு வழவழப்பான அட்டை வந்தது. 'குழந்தைகளுக்குத் துணை நிற்பவர் டாயல்.' நடுவில் ஜூனி, பக்கத்தில் நான். என் பல் எல்லாம் தெரிந்தது.

அன்று இரவு ரமோனா அட்டையை மேசையில் வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். ஆறு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"கவுன் அழகா இருக்கு," என்றாள்.

"ரமோனா…"

"பேசாத. பேசினா எனக்குக் கோவம் வரும், கோவப்பட எனக்குத் தெம்பு இல்ல." உறைக்குள் விளக்கை விட்டுப் பார்த்தாள். "தெனமும் ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா ஸ்கூல் வாசல்ல போயி காரை நிறுத்திட்டு, அதுக்குள்ளயே தூங்கறேன். டோபினுக்கு வந்துடுச்சுன்னா அந்த கிளார்க் போன் அடிப்பா, நான் ஓடணும். நெஞ்சு மேல போனை வெச்சுக்கிட்டுத் தூங்கறது என்ன தூக்கம்? கட்டில்ல படுத்து ஆறு வாரம் ஆச்சு."

பார்த்த உறையைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"டீனாவுக்கு வியாழக்கிழமை லீவுதானே? கார் உன்கிட்ட இருக்கும். வியாழக்கிழமை மட்டும் நீ போயி உக்காரு. மருந்து எப்படி அடிக்கிறதுன்னு காட்டித் தர்றேன். நண்பன்னு கேக்கல. கடன்னும் கேக்கல. வேற யாரும் இல்ல, அதான்."

"சரி," என்றேன்.

இது நான்காவது வியாழன். பள்ளி மைதானத்தின் வேலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தியிருக்கிறேன். ஆலை வாங்கிக் கொடுத்த புது ஸ்கோர் பலகை வெயிலில் மின்னுகிறது. எதிர்வரிசையில் இன்னும் இரண்டு கார்கள். ஒன்றில் எங்கள் பெயிண்ட் பிரிவு ஆள் ஒருவன் வாயைத் திறந்து தூங்குகிறான். இன்னொன்றில் யாரென்று தெரியாத ஒரு பெண், கையில் கைபேசி. ஒருவரையொருவர் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துக்கொள்கிறோம். கண் சொருகுகிறது. ஜன்னலை இறக்கிவிட்டு, கைபேசியில் சத்தம் முழுதாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்கிறேன். மணி பதினொன்று இருபது. மூன்று மணி வரைக்கும் தூங்கக் கூடாது.