வீட்டில் நிற்கும் வண்டி

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஈஸ்வரி வந்து நின்று முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் ஆயில், பெல்ட் என்று வாங்கிக்கொண்டு போயாயிற்று. மூன்று பேரும் ஆண்கள். சேலை கட்டி வந்தவள் இவள் ஒருத்திதான். கடைக்காரர் ஆவுடையப்பன் கண்ணுக்கு இவள் மட்டும் தெரியவில்லை. அப்படி என்ன கண்ணோ!

"அண்ணாச்சி, மாருதி எண்ணூறு. பழைய கார்புரேட்டர் வண்டி. மூணு ஸ்பார்க் பிளக்கு, ஒரு ஏர் பில்டர்" என்றாள் மூன்றாவது தடவையாக.

"வீட்ல ஆம்பளை யாரையாவது வரச் சொல்லுங்கம்மா."

"வீட்ல யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரவிய தவறி எட்டு மாசமாச்சு. மவன் புனேல இருக்கான்."

"அப்போ மவன் நம்பரைக் குடுங்க. மாடலு மாறிப்போச்சுன்னா நாளைக்கு நீங்கதான் திரும்ப அலையணும்."

மகனைக் கூப்பிடுவதில் அவளுக்கு விருப்பமே இல்லை. அந்த வண்டியை விற்க அவன் புரோக்கரைப் பேசி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வந்து கட்டி இழுத்துப் போவாராம். ஓடாத வண்டி எதற்கு என்பது அவன் கேள்வி. ஓடிவிட்டால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அந்த வண்டியும் போய்விட்டால் வீட்டில் அவளுக்கென்று செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் நம்பரைச் சொன்னாள்.

ஆவுடையப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆல்ட்டோ கே டென் அண்ணாச்சி" என்றான் மகன் வேல்பாண்டி. "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. விக்கப்போற வண்டிக்கு எதுக்குச் செலவு?"

"பாத்தீங்களா?" என்று ஆவுடையப்பன் உள்ளே போய் மூன்று பிளக்கை எடுத்துவந்து வைத்தார்.

 ஈஸ்வரி மணிபர்ஸிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கரி படிந்த பழைய பிளக். அதைப் புதுப் பிளக்கின் பக்கத்தில் நிறுத்தினாள். புதியதன் மரை ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது.

"இதைப் போட்டா பிஸ்டன்ல இடிக்கும்லா, அண்ணாச்சி? கே டென்னை வித்து மூணு வருசமாச்சு. அவிய பட்டாளத்துல மெக்கானிக்கு. கார்புரேட்டர் வண்டின்னா நம்ம கையாலயே பாத்துக்கிடலாம்னு அதை வித்துட்டு இதை வாங்குனாவ. போன்ல சொன்னப்போ மவன் சரிப்பா, சரிப்பான்னான். அப்பா காரியத்துக்கு வந்தப்பவும் வண்டி மேல கெடந்த தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கல."

ஆவுடையப்பன் இரண்டு பிளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "தப்பு என் மேலதான்க்கா" என்றவர், சரியான பிளக்குகளையும் வட்டமான ஏர் பில்டரையும் தேடி எடுத்து வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "பிளக்கு முனையில இடைவெளி எம்புட்டு வைப்பீய?"

 எட்டு மாதத்தில் அவளிடம் ஒருத்தர் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டியா என்று கேட்கும், பதிலுக்கு நிற்காது.

"பாயிண்ட் எட்டு மில்லி" என்றாள். "அவியளுக்குக் கண்ணு மங்குன பொறவு தகட்டுக் கேஜு வச்சு நாந்தான் அளந்து பாப்பேன்."

மறுநாள் காலை தார்ப்பாயை உருவினாள். அவர் இருந்தபோது அவர் குனிந்து முடுக்குவார், அவள் டார்ச் பிடிப்பாள். இன்று டார்ச் பிடிக்க ஆளில்லை. சார்ஜ் ஏற்றி மாட்டிய பேட்டரி மேல் அதைச் சாய்த்து வைத்தாள், இரண்டு தடவை உருண்டு விழுந்தது. மூன்றாவது தடவை அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து மூன்று பிளக்கையும் கையால் மரை பிடிக்க விட்டு, ஸ்பேனரால் முடுக்கி, பில்டரை மாட்டினாள்.

சாவியைத் திருப்பினாள். இருமியது, உதறியது, பிடித்துக்கொண்டது.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மகனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா சத்தம்?"

"வண்டி. ஆல்ட்டோ இல்லலே, எண்ணூறு. உங்கப்பா எனக்கு ஓட்டப் படிச்சுக் குடுத்த வண்டி. புரோக்கரை வரவேண்டாம்னு சொல்லிரு."

 "எனக்குத் தெரியாதேம்மா" என்றான்.

"தெரியாதது தப்பில்ல. வீட்ல நிக்கது எந்த வண்டின்னு கடைக்காரர் உன்னைக் கேக்காரு, நீயும் சொல்லுத. பக்கத்துலயே நிக்க என்னை ரெண்டு பேரும் கேக்கல. ஒரு பிளக்குன்னாக்கூட பழசைக் கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் புதுசு குடுக்கணும். தனியா இருக்கவளை விசாரிக்கதுன்னா சோறு தின்னியான்னு கேக்கது மட்டும் இல்லலே. அவ விசயத்தை அவகிட்டக் கேக்கணும், கேட்டுட்டு அவ சொல்லுததைக் காதுல வாங்கணும்."

"வண்டியை எடுத்துக்கிட்டு எங்கேம்மா போகப்போற?" என்றான் வேல்பாண்டி. இந்தத் தடவை பதிலுக்குக் காத்திருந்தான்.