அட்டைச் சாவி

எங்கள் கார் ஷோரூமில் வண்டி வாங்குபவர்கள் குடும்பத்தோடு நின்று, முழ நீள அட்டைச் சாவி ஒன்றைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள். படமும் வாங்கியவரின் போன் நம்பரும் அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஓடிய வண்டிகளில் பாதி எங்களுடையது. ஜனங்கள் இரண்டு வருடம் காத்திருந்து வாங்கினார்கள். இப்போது அந்தச் சாவியின் நுனியை எலி கடித்திருக்கிறது.

இரண்டு மாதமாகப் படம் போகவில்லை. மூன்றாவது மாதமும் போகாவிட்டால் ஷோரூமை மூடிவிடுவார்கள். நான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. இந்த வயதில் என்னை வேறு யார் சீந்துவார்கள்?

மாதக் கடைசி நாள் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, அண்ணியைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. ஒரே ஒரு போட்டோ."

முப்பத்தொரு வருடம் விற்றவன் இப்போது வாங்கினவனாக நடிக்க வேண்டுமாம். சுருக்கென்றது. ஆனாலும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்தாள் என் மனைவி. வெள்ளை வண்டியின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் இதுல உக்கார வச்சதில்லை. இப்பவும் போட்டோவுக்குத்தானா?"

"கொஞ்சம் சிரி."

"சிரிப்பு வந்தா சிரிக்க மாட்டேனா?"

என் நம்பர் தலைமை அலுவலகத்தில் இருப்பதால் அவள் நம்பரைப் போட்டுப் படத்தை அனுப்பினோம். வாங்கியவர்களை அங்கிருந்து கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. விற்பனையே இல்லாததில் அது எனக்கும் மேனேஜருக்கும் மறந்தே போய்விட்டது. அரை மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினார்.

"வாழ்த்துகள்மா. புது வண்டி எப்படி இருக்கு?" பெண் குரல். களைத்த குரல்.

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் வராது. என் பதினான்கு மாதமும் அவள் வாயில் இருந்தது.

"என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷமா வாய் ஓயாம புகழ்ற வண்டிம்மா. குறை சொன்னா அவருக்குச் சோறு இறங்காது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மற்ற கேள்விகளுக்கு நான் தலையாட்ட, மனைவி 'உம்' கொட்டினாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். பிழைத்தோம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் போனை வைக்கவில்லை.

"உனக்கு வேலை இருக்கும்ல, வச்சிரட்டுமாம்மா?" என்றாள் மனைவி.

"இல்லைம்மா. இந்த வாரம் நாடு முழுக்க எனக்கு வந்தது உங்க நம்பர் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் பேசிட்டிருங்களேன்."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. மனைவி வண்டியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அட்டைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டாள்.