முதுகுக்குப் பின்னால் பேசியது

1987இல், இடஒதுக்கீடு கேட்டுப் போராடிய சாதியினர் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரவேண்டிய சர்ஜன் தாமதமாகத்தான் வந்தார். அதுவரை, அதே சாதியைச் சேர்ந்த எலவனாசூர்கோட்டை ராஜாங்கம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வலியோடு கிடந்தார்.

கரும்புக் கட்டு தூக்கித் தூக்கி அவருக்கு முதுகுத்தண்டில் சவ்வு பிதுங்கியிருந்தது. மூச்சிரைப்பும் இருந்ததால், மயக்க டாக்டர் எஸ்தர் முழு மயக்கம் கொடுக்காமல் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார். குப்புறப் படுத்திருந்த ராஜாங்கம் விழித்தேதான் இருந்தார். சர்ஜனுக்கு அது நினைவில்லை.

"ரோட்டுல மரத்த வெட்டிப் போடறானுங்க. அப்புறம் முதுகு வலின்னு நம்மகிட்டயே வர்றானுங்க" என்றார், முதுகைக் கீறியபடி.

"நான் வெட்டலீங்க" என்றார் ராஜாங்கம். "வெட்டியிருந்தாதான் இன்னா? எங்க புள்ளைங்க படிக்கக் கூடாதா?"

சர்ஜனின் கை நின்றது. "இவனுக்கு முழு மயக்கம் குடுத்திருக்கணும்" என்று எஸ்தரிடம் சீறினார். ராஜாங்கத்துக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனால் திறந்த முதுகோடு அசைய முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

முழு மயக்கத்தில் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கட்டில்காரர் மறுநாளும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ராஜாங்கமோ ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலமே கஞ்சி குடித்துவிட்டார். மறுநாள் காலையில் சர்ஜன் வார்டுக்குள் வந்தபோது, மனைவி சின்னப்பொண்ணுவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நேத்து பேசினத இப்ப என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

சர்ஜன் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"உக்காருய்யா, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்று சின்னப்பொண்ணு கெஞ்சினாள். சர்ஜன் வார்டை விட்டு வெளியேறும்வரை ராஜாங்கம் உட்காரவில்லை.