திரைக்கு வெளியே நின்ற பொத்தான்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் வரும் கைக்கடிகாரம் என்னுடையது. மட்டக்களப்புக் கல்லடியில் தனியே குடியிருக்கிறேன். எழுதுகிறேன், சமைக்கிறேன், சமைத்ததைக் குறைசொல்ல ஆளில்லை. போன மாதம் ஒரு காலை நேரம் பார்க்கக் கையைத் திருப்பினால் திரை முழுக்க ஓர் எட்டின் வயிறு மட்டும் தெரிந்தது. எட்டு மணியா, பதினெட்டு நிமிடமா, ஒன்றும் விளங்கவில்லை. ஸ்மார்ட் வாட்ச் என்கிற அந்த அறிவாளி எல்லாவற்றையும் பூதாகரமாக்கிக் காட்டத் தொடங்கியிருந்தது. [சின்ன விசயத்தைப் பெரிசாக்குவது உங்கள் வேலை என்பாள் என் மனைவி, இருந்தவரை.]

நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு, சரி, இதை வைத்து ஒரு கதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

2.

தொடக்கம் ஒன்று: வாவியின்மேல் பொழுது சாயும் வேளையில்—

(வேண்டாம். மட்டக்களப்பில் கதை எழுதுகிற எல்லாரும் வாவியில்தான் தொடங்குகிறோம். வாவிக்கே அலுத்திருக்கும்.)

தொடக்கம் இரண்டு: கேதீஸ்வரி சட்டியை இரண்டு விரலால் இரண்டு தரம் தட்டினாள்.

இது நிற்கட்டும். கேதீஸ்வரி தெருவோரத் தகரக் கொட்டிலில் எருமைத் தயிர் விற்கிறவள். பால் ஊற்றி உறைபோடுமுன் ஒவ்வொரு சட்டியையும் கையில் ஏந்தி, சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்து டொக் டொக் என்று தட்டுவாள். கணீரென்றால் நல்ல சட்டி. மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல்.

கதைக்குள் என் கடிகாரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நான் கொடுத்ததாக எழுதினால் ஊர் வேறு கதை கட்டும். ஆகவே லண்டனில் பொதி கட்டும் வேலை செய்கிற மகள் சர்மிலா அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். அம்மாவும் தனியே இருப்பவள் அல்லவா? விழுந்தால் கடிகாரம் கண்டுபிடித்து, “விழுந்தீர்களா?” என்று கேட்கும். “நான் நலம்” என்ற பொத்தானை ஒரு நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் சர்மிலாவுக்கு அழைப்புப் போகும்.

ஒருநாள் திரை அசையாமல் நிற்பதுபோலிருந்தது. பழுதோ என்று கேதீஸ்வரி சட்டியைத் தட்டுவதுபோல அதையும் தட்டிப் பார்த்தாள். இரண்டு விரல், இரண்டு தரம். திரை பெருத்துவிட்டது.

* அடிக்குறிப்பு: என்னுடையது எப்படிப் பெருத்தது என்று கேட்பீர்கள். எதன்மேலாவது விரலால் தாளம் போடுகிற பழக்கம் எனக்கு. வேறு சத்தமில்லாத வீட்டில் வருகிற பழக்கம்.

3.

பிறகு அவளை விழவைத்தேன். பெரிதாக இல்லை. சட்டி கழுவும் சீமெந்துத் தரையில் சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றுமில்லை. கடிகாரம் அதிர்ந்தது. பெருத்த திரையில் ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரிந்தது. பொத்தான் திரைக்கு வெளியே எங்கோ நின்றது. நிமிடம் கழிந்தது, லண்டனுக்கு அழைப்புப் போனது.

“அம்மா! விழுந்திட்டீங்களா? ரத்தம் ஏதும் வருதா?”

“இல்ல புள்ள, சும்மா சறுக்கின. ஒண்ணுமில்ல.”

“மறுகா ஏன் பட்டன அமத்தல்ல?”

“பட்டன் எங்க கா தெரியிது? ஒரு எழுத்து ஆனை மாதிரி நிக்கிது.”

சர்மிலா அழுத குரலிலேயே சிரித்தாள். “ரெண்டு விரலால ரெண்டு தரம் தட்டுங்க. சின்னதாகிரும்.”

“அவ்வளவுதானா?”

“ஓம் அம்மா. தட்டினா பெருக்கும், திரும்பத் தட்டினா சுருங்கும்.”

கேதீஸ்வரி தட்டவில்லை. “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அங்கத்தைய குளிரைக் கேட்டாள், பக்கத்து அறைப் பிள்ளையைக் கேட்டாள், தலைமுடி கொட்டுவதைக் கேட்டாள். நெடுநேரம் கதைத்தார்கள்.

“வேலைய விட்டிட்டு வெளிய ஓடி வந்து நிக்கிறன் அம்மா,” என்றாள் சர்மிலா கடைசியில். “இன்னொரு தரம் இப்பிடி வெளிக்கிட்டா வேலையால நிப்பாட்டிருவாங்க. ஞாயிற்றுக்கிழமை கோல் எடுக்கிறன்.”

ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். உடுப்புத் தோய்த்துக்கொண்டே, அரக்கப்பரக்க.

4.

இந்த இடத்தில் கேதீஸ்வரிமேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நாள் முழுக்கத் தெருவில் வியாபாரம் செய்கிறவளுக்கு இவ்வளவு தனிமை ஏது? “சட்டி என்ன விலை அக்கா?” என்று எத்தனை பேர் கேட்பார்கள்? கேட்பார்கள்தான். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள். அவளுக்கும் தனிமை இருக்கட்டும். ஆனால் நான் அளந்து ஊற்றிய அளவு என்னுடையது.

அதையும் சொல்லிவிடுகிறேன். நானும் விழுந்தேன், கிணற்றடியில். என்னுடைய கடிகாரமும் அதிர்ந்தது, எனக்கும் பொத்தான் தெரியவில்லை. அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த இலக்கத்துக்கு அது அழைத்தது. வாங்கிய அன்று அந்த இடத்தில் யாரைப் போடுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் என் இலக்கத்தையே போட்டிருந்தேன். ‘நீங்கள் அழைத்த இலக்கம் வேறொரு அழைப்பில் உள்ளது’ என்று மூன்று மொழியிலும் சொல்லியது. சிங்களம் முடியும்வரை சிரித்தேன். தமிழ் வந்ததும் அழுதேன். முழங்காலில் நல்ல அடிதான், ஆனால் அழுதது அதற்காக இல்லை.

அந்தத் திரையை நேற்றுச் சரிசெய்துவிட்டேன். இரண்டு விரல், இரண்டு தரம், அவ்வளவுதான். எட்டு எட்டாகவே தெரிந்தது. “சரிவந்திட்டு” என்று வாய்விட்டே சொன்னேன், வீட்டில் யாரோ இருப்பதுபோல.

5.

இனி முடிவு. கேதீஸ்வரி இன்று மறுபடியும் அதே சீமெந்தில் சறுக்குகிறாள். (எழுதுகிறவனுக்குக் கல்நெஞ்சு.) அடி இல்லை. கடிகாரம் அதிர்கிறது. திரை இன்னும் பெருத்தே இருக்கிறது, அவள் அதைச் சரிசெய்யவே இல்லை. லண்டனில் இப்போது வேலை நேரம்.

முடிவு அ: தட்டுகிறாள். திரை சுருங்குகிறது, ‘நான் நலம்’ தெரிகிறது, அழுத்துகிறாள். மகளின் வேலை தப்புகிறது. எழுதிவிட்டு வெட்டினேன். நான் நலம் என்பது பொய்.

முடிவு ஆ: சும்மா இருக்கிறாள். “அம்மா!” என்ற குரல் வருகிறது. பிள்ளையின் வேலை போகிறது. இதையும் வெட்டினேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

முடிவு இ: அவள் தட்டப்போகும் நேரம் பார்த்து, சர்மிலா தானாகவே—

(போதும். அப்படியெல்லாம் நடப்பதில்லை.)

ஆகவே இப்படி விடுகிறேன். ஈரத்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருதரம் தட்டிவிட்டாள். ஒரு தட்டுக்கு அது மசியாது, இன்னொன்று வேண்டும். இரண்டு விரலும் திரைக்குமேல் நிற்கின்றன. விழுந்தால் அழைக்க எனக்கு ஒரு சர்மிலா இருந்திருந்தால் நான் தட்டவேமாட்டேன். அதனால் இதில் என் தீர்ப்பு நியாயமாக இராது, விரலை நீங்களே வையுங்கள், அல்லது எடுங்கள்.

கடிகாரம் ஒரு நிமிடம்தான் தரும். அதில் பாதியை நான் பேசியே போக்கிவிட்டேன்.