அச்சாபீசின் ஒரே பெண்முகம்

உலகில் இதுவரை ஏற்பட்ட நூலகங்கள் அனைத்திலும் கிருஷ்ணகிரிக் கிளை நூலகமே தலைசிறந்தது என்று சென்னகிருஷ்ணன் முடிவு கட்டியிருந்தான். மற்ற நூலகங்கள் படிக்க வேண்டியதைச் சேர்த்து வைத்துக் காலத்தை வீணாக்கின. இது ஒன்றுதான் கிழித்துப் போட வேண்டியதைச் சேர்த்து வைத்தது.

சேலத்துக் கல்லூரியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தவன், இந்த உண்மையைக் கல்லூரி மலரில் நிலைநாட்டக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். கட்டுரையின் நாயகர் நூலகர் எல்லப்பன். ஊரில் நாடகம் நடந்த மறுநாள் காலை, சொம்புத் தண்ணீரும் பழந்துணியுமாக அவர் கிளம்பிவிடுவார். சுவரில் ஒட்டிய நோட்டீசின் மேல் ஈரத்துணியை வைத்து அமுக்கி, பசை இளகுகிறதா என்று முகத்தைச் சாய்த்து ஓரத்தையே பார்த்து நிற்பார். பிறகு உரித்தெடுத்து, நூலக ஜன்னலில் காயவைத்து, 'உள்ளூர்க் கலைஞர்கள்' என்று எழுதிய அலமாரியில் அடுக்குவார். பாதி டிக்கெட், காலணாப் பாட்டுப் புத்தகம், கிழிந்த அழைப்பிதழ் எல்லாம் அங்கே சௌக்கியமாக இருந்தன.

காபி ஹோட்டலில் சென்னகிருஷ்ணன் இதை நடித்துக் காட்டுவான். சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, "செவுரு என்னமோ சொல்லுது. சத்தம் போடாதீங்கப்பா" என்பான். சிநேகிதர்களுக்குக் காபி புரையேறும்.

ஒரு சந்தை நாளில் ஆதாரம் திரட்ட அலமாரியைக் குடைந்தபோது புதையல் கிடைத்தது. ஐந்து நாடக நோட்டீசுகள். ஐந்தும் வேறு வேறு நாடக செட்; பெண் வேடம் போட்டவர்கள் ஐந்து பேர். படத்தில் மட்டும் ஒரே முகம்.

"சார், இந்தம்மா ஊருக்கு ஒரு பேரு வெச்சிக்கிட்டு சுத்தறாங்களே, போலீசுக்குத் தெரியுமா?"

"கிண்டலப் பாரு," என்றார் எல்லப்பன். "நம்மூரு அச்சாபீசுல பொம்பள முகம்னு படம் அடிக்க இருக்கறதே அந்த ஒரு அச்சு பிளாக்குதான். ஸ்திரீ பார்ட்டு எவன் போட்டாலும் அதத்தான் வெப்பாங்க. புதுசா வேணும்னா பெங்களூருக்கில்ல போவணும்?"

கட்டுரைக்குத் தலைப்பு அங்கேயே பிறந்தது: 'ஐந்து அழகிகள், ஒரு மூக்கு'.

வாசலில் மாங்காய்க் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருத்தி நின்றாள். உள்ளே வரவில்லை.

"வா சென்னம்மா. எத்தன வாட்டி சொல்றது, இது எல்லாருக்கும் பொதுவான எடம்."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லப்பன் ஐந்தில் ஒன்றை உருவி அவள் முன்னே வைத்துவிட்டு, சென்னகிருஷ்ணன் காதோடு சொன்னார். குருபரப்பள்ளிக்காரி. மகன் ஆஞ்சப்பன் ஸ்திரீ பார்ட் நடிகன். போன வருஷம் கோலார்ப் பக்கம் திருவிழா நாடகத்துக்குப் போன இடத்தில் காலரா. சேதி கிடைத்து இவள் போய்ச் சேருவதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். போட்டோ ஒன்றும் கிடையாது. சந்தைக்கு வரும்போதெல்லாம் இங்கே வந்துவிடுவாள்.

"சாமி, படிச்ச புள்ளையா நீங்க? அவன் பேரு எங்க போட்டிருக்குது?"

சென்னகிருஷ்ணன் விரலால் காட்டினான். அவள் பேரைப் பார்க்கவில்லை; முகத்தையே பார்த்தாள்.

"சேல கட்டி ஆடறவன் எம்மூஞ்சில முழிக்காதன்னு சொன்னவ சாமி நானு. அவன் ஆடி ஒரு நாடகம் பாக்கல. இப்பிடி இருப்பான்னு யாரு கண்டா? மூக்கப் பாருங்க. அப்படியே எம்மூக்கு."

மேசையில் மற்ற நான்கு மூக்குகளும் பரந்து கிடந்தன. சென்னகிருஷ்ணன் அவற்றின்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, பெரிய யோசனையில் இருப்பவனைப்போல உட்கார்ந்துகொண்டான்.

"ஆமாம்மா," என்றான். "அதே மூக்குதான்."

"அச்சாபீசுக்காரரு நல்லா இருக்கணும். எத்தன பேரு ஆடறாங்க! எம்புள்ளயப் பாத்துப் படம் போட்டிருக்காரே."

அவள் போன பிறகு அவன் கேட்டான்: "ஏன் சார் நீங்க சொல்லல?"

"உனக்கு வாய் வருதா? நீ சொல்லு."

அன்று கட்டுரை நகரவில்லை.

அடுத்த சந்தை நாளுக்கு எல்லப்பன் ஊரில் இல்லை, சேலம் போயிருந்தார். காலையில் காபிக்குப் புறப்பட்ட சென்னகிருஷ்ணன் சந்தைத் தெருவில் நின்றுவிட்டான். தர்மபுரியிலிருந்து புது செட் வந்திருந்தது. சுவர் நெடுக அந்த முகம். கீழே, ஸ்திரீ பார்ட் போடுபவன் மதுரைவீரன் என்று எவனோ ஒருவனுடைய பேர்.

குருபரப்பள்ளிப் பெண்கள் கூடையோடு இந்த வழியாகத்தான் வருவார்கள். என் மகன் படம் இங்கே ஏன் இருக்கிறது என்று சென்னம்மா யாரையாவது கேட்பாள். யாராவது சொல்லிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அவன் சொல்லியிருக்கக்கூடிய அதே தோரணையில்.

முதல் நோட்டீசை நகத்தால் பிய்த்தான். முகம் மூக்கோடு இரண்டாகக் கிழிந்தது. ஒரு கண்ணும் பாதி மூக்கும் சுவரிலேயே இருந்து அவனைப் பார்த்தன. மிச்சத்தை நகத்தாலேயே சுரண்டி எடுத்தான்.

ஹோட்டலுக்குள் போய், "ஒரு சொம்புத் தண்ணி குடுங்க. மேச தொடைக்கிற துணியும்" என்றான்.

"டேய், எல்லப்பன் ஆட்டம் ஆடப் போறான்டா!" சிநேகிதர்கள் டம்ளரும் கையுமாகத் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

அவன் துணியை நனைத்து நோட்டீசின் மேல் அமுக்கினான். முகத்தைச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தான். அவர்கள் கை தட்டினார்கள். முழுசாக உரிந்து வந்ததைக் கீழே போடாமல், ஈரத்தோடு முன்னங்கையில் படுக்க வைத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தான். கைதட்டல் குறைந்தது. அதற்கும் அடுத்ததில் எவனோ, "போதும்டா, காபி ஆறுது" என்றான்.

தெரு முனையில் கூடைகள் தெரிந்தன. கடைசி நோட்டீசில் பசை இன்னும் இளகவில்லை. அவசரப்பட்டால் மூக்கு கிழியும். அவன் கன்னம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்கப்பா," என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை.